நான்கு பேர், பன்னிரண்டு கைமணிகள்

ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கு விடுமுறை. மாடி வகுப்பறையை மாஸ்டர் எங்களுக்குத் திறந்துவிடுவார். பள்ளி அவருடையது. சுவர் முழுக்கச் சாலைக் குறியீடுகள். நில், வழி விடு, ஒலி எழுப்பாதே. கடைசிக் குறியீட்டுக்குக் கீழேதான் மணி மேசை.

பெட்டிகளை மாடிக்குத் தூக்குவது என் வேலை. வாசிப்பவர்கள் நான்கு பேர். என் மனைவி, என் தங்கை, மாஸ்டர், எதிர்ச்சாரியில் பல் மருத்துவமனை வைத்திருக்கும் டாக்டர். நான் வாசிப்பதில்லை. முயன்று பார்த்திருக்கிறேன். நாலு எண்ணுவதற்குள் வேறு நினைப்பு வந்துவிடும்.

"உங்க அண்ணனுக்கு மூணுக்கு அப்புறம் அஞ்சு" என்றாள் மனைவி.

"சின்ன வயசுல மூணுக்கு அப்புறம் சாப்பாடு. இப்போ பரவாயில்ல அண்ணி" என்றாள் தங்கை. அவள் கணக்கு டீச்சர்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. துடைக்கத் தெரியும். மணிகளையும் துடைத்து வைப்பேன். விரல் ரேகை படியாமலிருக்க, வாசிப்பவர்கள் கையுறை போட்டுக்கொள்வார்கள்.

ஒரு கைமணிக்கு ஒரே சுரம்தான். எங்களிடம் பன்னிரண்டு வெண்கல மணிகள், தோல் பிடி போட்டவை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஆளுக்கு மூன்று. இரண்டு கையில், ஒன்று மேசைமேல் விரித்த பஞ்சு மெத்தையில். முன்னால் வீசினால் ஒலிக்கும். தோளில் ஒற்றினால் நின்றுவிடும். முழு மெட்டு யாரிடமும் இருக்காது. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போய்க்கொண்டே இருக்கும். வேறு வாத்தியக் குழுவில் ஒருவர் வராவிட்டால் சத்தம் குறையும். இதில் ஓட்டை விழும்.

என் மனைவி குடிநீர் வாரியத்தில் குழாய் வரைபடம் வரைகிறாள். எந்த வால்வை மூடினால் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். அச்சில் கிடைக்கும் கைமணி இசையெல்லாம் பெரிய குழுக்களுக்கு எழுதியது. பத்துப் பதினைந்து பேர், மேசை நிறைய மணிகள். அதை நான்கு பேருக்குச் சுருக்குவது அவள்தான். கட்டம் போட்ட நீளத் தாளில் எழுதுவாள். ஆளுக்கு ஒரு நிறப் பென்சில். மாஸ்டருக்குச் சிவப்பு, டாக்டருக்கு நீலம், தனக்குப் பழுப்பு, என் தங்கைக்குப் பச்சை.

"எழுதறது பெரிய விஷயமில்ல. எதை விடலாம்னு தெரியணும்" என்பாள்.

தங்கையிடம் ஏதோ சரியில்லை என்று முதலில் கண்டுபிடித்தவர்கள் அவள் மாணவர்கள். கரும்பலகையில் அவள் எழுத்து சிறுத்துக்கொண்டே வந்தது. வரியின் தொடக்கத்தில் கட்டைவிரல் அளவு இருக்கும் எண், முடிவில் எறும்பாகிவிடும். "மிஸ், தெரியல" என்று கடைசி பெஞ்சு கத்தும். அழித்துவிட்டுப் பெரிதாக எழுதுவாள். அடுத்த வரி மறுபடி எறும்பு. பிறகு வலது கையில் நடுக்கம் வந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல் அசைந்தன.

நரம்பு மருத்துவர் பார்க்கின்சன் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

எங்கள் சமையலறையில் நின்றுகொண்டே இதைச் சொன்னாள் தங்கை. குக்கர் மட்டும் பேசியது.

"மூஞ்சிய அப்படி வைக்காதீங்க அண்ணா. எனக்குத்தான் வியாதி" என்றாள். "மாஸ்டர்கிட்டயும் டாக்டர்கிட்டயும் இப்போ சொல்ல வேணாம். நானே சொல்றேன்."

"எப்போ?" என்றாள் மனைவி.

"சொல்றப்போ."

அடுத்த ஞாயிறு ஒத்திகையில் ஒரு சத்தம் கேட்டது. தங்கை தன் முறைக்காக மணியைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தாள். மணியின் நாக்கு உள்சுவரில் லேசாக மோதியது. டிக், டிக், டிக். கண்ணாடித் தம்ளரில் கரண்டி படுவதுபோல. அவள் பிடியை இறுக்கினாள். சத்தம் கூடியது.

மாஸ்டர் விட்டத்தைப் பார்த்தார். "ஃபேன்ல ஏதோ லூஸா இருக்கு. ஆளை வரச் சொல்லணும்" என்றார். டாக்டரும் அண்ணாந்து பார்த்துத் தலையசைத்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் மனைவி அழிப்பான் எடுத்தாள்.

நகர நூலகத்தின் வாசிப்புக் கூடத்தில் ஒரு மாலை நிகழ்ச்சிக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்காக அவள் ஒரு பழைய மெட்டைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். சொற்கள் எல்லோருக்கும் மறந்துபோய் மெட்டு மட்டும் தங்கிவிட்ட பாட்டு. வாரம் ஒரு தடவை தாளைத் திருத்துவாள். பச்சையில் நான்கு புள்ளி இருந்த இடத்தில் இரண்டு இருக்கும். அதற்கடுத்த வாரம் ஒன்று.

"பாவம், கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்" என்றாள் என்னிடம். "அவசரமில்லாம ஒண்ணு அடிச்சிட்டு, நிதானமா அடுத்ததுக்கு வரலாம்."

எனக்கும் சரியென்றுதான் பட்டது.

ஆனால் டிக் டிக் குறையவில்லை. காத்திருக்கும் இடங்கள் நீள நீள அதுவும் நீண்டது. மாஸ்டர் வாராவாரம் ஃபேனைத் திட்டினார். மனைவி வாராவாரம் அழித்தாள். தங்கை வாராவாரம் பிடியை இறுக்கினாள்.

இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஆறாம் மணி ஒரு முறை ஒலிக்க வேண்டும். ஆறாம் மணி எப்போதும் தங்கையுடையது. மேசையில் அவளுக்கும் என் மனைவிக்கும் நடுவில் இருக்கும். மனைவி அந்தப் பச்சைப் புள்ளியை அழித்துப் பழுப்பில் போட்டிருந்தாள். இனி அவள் எடுக்க வேண்டும்.

அந்த ஞாயிறு ஒத்திகையில் அந்த இடம் வந்தது. தங்கை பழுப்பைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டாள். என் மனைவியின் கையும் போகவில்லை. எழுதியவளே எடுக்கவில்லை. இத்தனை வருடம் இன்னொருத்தி எடுத்த மணியின்மேல் கை வைக்க அவளுக்கு வரவில்லை. மெட்டில் ஒரு பள்ளம் விழுந்தது. நான்கு பேரும் நின்றுவிட்டார்கள்.

"ரெண்டு பேருமே வழி விட்டா எப்படி? ரோடு காலியா கிடக்குது" என்றார் மாஸ்டர்.

டாக்டர் சிரித்தார். அப்புறம் நிறுத்திக்கொண்டார்.

தங்கை கையுறையைக் கழற்றினாள். விரல் விரலாக. கொஞ்சம் நேரம் பிடித்தது.

"அண்ணி, இந்தத் தாள்ல என் பச்சை எங்க?"

"இருக்கே."

"எங்க இருக்கு? அண்ணா, கடையில பூதக்கண்ணாடி இருந்தா கொண்டு வாங்க."

யாரும் சிரிக்கவில்லை.

"உனக்குச் சிரமமா இருக்குமேன்னுதான்" என்றாள் மனைவி.

"தெரியும் அண்ணி. எனக்காகத்தான் பண்றீங்க. அதான் கோவிச்சுக்கவும் முடியல." கையுறைகளை மடித்து மேசையில் வைத்தாள். "மணியைத் தூக்கிக்கிட்டு சும்மா நிக்கறதுக்கு, அண்ணா பக்கத்துல ஒரு சேர் போட்டு உக்காந்துக்கலாம். அடுத்த வாரம் நான் வரல. மூணு பேருக்கு எழுதிக்குங்க."

படியிறங்கும் சத்தம் கேட்டது. மாஸ்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். "டீச்சர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கிட்டு போறாங்க. ஓட்டல" என்றார்.

வீட்டில் மனைவி தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பென்சிலைத் தொடவில்லை.

"மூணு பேருக்கு எழுத முடியுமா?" என்று கேட்டேன்.

"முடியும்" என்றாள். "அதான் பயமா இருக்கு."

புதன்கிழமை மாலை தங்கை வீட்டுக்குப் போனோம். அவள் தனியாக இருக்கிறாள். இரண்டாம் மாடி, ஒரு படுக்கையறை, மேசையில் திருத்தாத விடைத்தாள் கட்டு. கதவைத் திறந்து எங்களைப் பார்த்துவிட்டு, "சமாதானத் தூதா? உள்ள வாங்க. செருப்பை மட்டும் ஒழுங்கா விடுங்க அண்ணா" என்றாள்.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. திரும்பிப் போய் நறுக்கினாள். நாங்கள் சமையலறை வாசலில் நின்றோம். என் மனைவி ஏதோ சொல்லத் தொடங்கி, நிறுத்திவிட்டாள். கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துண்டுகள் எல்லாம் ஒரே அளவாக விழுந்தன. வலது கை அசையாமல் இருந்தது என்று சொல்ல முடியாது. அசைந்துகொண்டே இருந்தது. ஆனால் நடுங்கவில்லை.

தங்கை கத்தியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். வலது கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். பல நாளாக இதைப் பார்த்திருக்கிறேன். பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

"கையை எடு" என்றாள் மனைவி.

"எதுக்கு?"

"எடேன் வாத்தியாரம்மா."

எடுத்து மடியில் வைத்தாள். சற்றுப் பொறுத்து விரல்கள் உருட்ட ஆரம்பித்தன.

"நறுக்கறப்போ இல்லையே" என்றாள் மனைவி.

"நறுக்கறப்போ எப்படி வரும்? வேலை குடுத்தா சும்மா இருக்கும். சும்மா விட்டாதான் வேலையைக் காட்டும்."

"அடிப்பாவி. முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சேன். என் கை எனக்குப் பழகிப்போச்சு." கொஞ்சம் யோசித்தாள். "ஒவ்வொரு வாரமும் நீங்க குறைக்கக் குறைக்க, அதிகமா நடுங்குது. அதைப் பாத்து நீங்க இன்னும் குறைக்கறீங்க. நீங்க வேணும்னே குறைக்கலன்னு எனக்குத் தெரியும். ஆனா ஒரு நாள் ஒண்ணுமே இருக்காதுன்னும் தெரியும். அதுக்கு முன்னாடி நானா போயிடலாம்னு பாத்தேன்."

மனைவி தரையில் உட்கார்ந்தாள். நாற்காலி இருந்தது. ஆனாலும் தரையில்தான் உட்கார்ந்தாள்.

"தலைகீழா எழுதிட்டேன்" என்றாள். "நான் போட்டதெல்லாம் காத்திருக்கற வேலை."

"விடுங்க அண்ணி."

"விட மாட்டேன். கரண்டி எங்க?"

கரண்டியையும் ஒரு தம்ளரையும் எடுத்து வந்து தங்கை கையில் கொடுத்தாள். தட்டச் சொன்னாள். தட்டிவிட்டுக் கரண்டியைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். "எண்ணு."

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு... இதோ வந்துட்டார்" என்றாள் தங்கை. கரண்டி ஆடியது.

"மறுபடி."

மறுபடியும் ஐந்தில் வந்தது. மூன்றாவது முறை ஐந்தைத் தாண்டி வந்தது. "இன்னிக்கு மாத்திரை நல்லா பிடிச்சிருக்கு, இவரை நம்பாதீங்க" என்றாள். உட்கார்ந்து, நின்று, இடது கைக்கு வேலை கொடுத்து, கொடுக்காமல், பல விதமாகத் தட்டிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். "அவர் தாளம் சரியில்ல" என்றாள் தங்கை. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பீன்ஸை நான் வதக்கினேன்.

திரும்பி வரும்போது மனைவி சொன்னாள். "நாலு எண்ணிக்கைக்கு மேல அவளை நிக்க விடக்கூடாது. அவ்வளவுதான். அதுக்கு மெட்டையே வளைக்கணும்னா வளைப்பேன்."

அந்த வாரம் முழுக்கக் காலையில் அலுவலகம் போவதற்கு முன் எழுதினாள். எல்லோரிடமிருந்தும் பிடுங்கினாள். நீலத்தில் பாதி போனது. சிவப்பு ஓரத்துக்கு ஒதுங்கியது. தன் பழுப்பை இரக்கமே இல்லாமல் வெட்டினாள். மெட்டு இருந்த இடத்தில் பச்சை வந்தது. மெட்டு ஓய்வெடுக்கும் இடத்திலும், அடியில் ஒரு சின்ன ஓட்டமாகப் பச்சை வந்தது. தங்கைக்கு இப்போது ஐந்து மணிகள். ஒன்றை வைத்து ஒன்றை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஞாயிறன்று தங்கை எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டாள். கையுறையைப் போட்டுக்கொண்டு, மேசைக்குப் பின்னால் நின்றாள். "ஒண்ணு சொல்லணும்" என்றாள். வியாதியின் பெயரைச் சொன்னாள். ஏன் சொல்லவில்லை என்பதையும் சொன்னாள். வகுப்பில் சூத்திரம் சொல்வதுபோல் தெளிவாக, ஒரே குரலில்.

டாக்டர் எழுந்து நின்றார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. "அக்கா, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பல்லு மட்டும்தான்" என்றார்.

"அதுலயும் பாதிதான்" என்றார் மாஸ்டர். பிறகு தங்கையிடம், "டீச்சர், என் பக்கத்துல உக்காந்து ஸ்டியரிங் பிடிக்கிற கையைப் பாத்துக்கிட்டேதான் என் காலம் போகுது. எந்தக் கை எதுக்கு ஆடுதுன்னு தெரியாதா? நாலு மாசமா அந்த ஃபேனைத் திட்டிக்கிட்டிருக்கேன். பாவம், அது நல்ல ஃபேன்" என்றார்.

தங்கை அவரைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ரெண்டு பேரும் நல்லா நடிச்சீங்க" என்றாள்.

மாஸ்டர் தாளைக் கையில் எடுத்துச் சிவப்பைத் தேடினார். "இன்ஜினியரம்மா, என்னை ஓரமா பார்க் பண்ணிட்டீங்களே."

"ஹாரன் மட்டும் அடிங்க போதும்" என்றாள் மனைவி.

"எனக்கு ரெண்டே மணிதானா?" என்றார் டாக்டர்.

"அதையாவது ஒழுங்கா அடிங்க."

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தங்கை மூன்றாம் மணியை எடுக்கப் போய் நாலாவதைத் தள்ளிவிட்டாள். சில நாள் கை அவள் சொல்வதைத் தாமதமாகக் கேட்டது. ஒரு ஞாயிறு பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இன்னிக்கு வராது அண்ணி" என்றாள். டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். ஆனால் நல்ல நாளில் அவள் கை ஐந்து மணிகளுக்கு நடுவில் போய் வந்த வேகத்தைப் பார்த்து மாஸ்டர் தன் ஒற்றைச் சுரத்தை அடிக்க மறந்தார்.

ஒரே ஓர் இடம் மட்டும் மனைவிக்கு அகப்படவில்லை. கடைசி.

கைமணியில் முடிவு என்பது அடிப்பதல்ல. கடைசிச் சுரங்களை நான்கு பேரும் ஆளுக்கொரு மணியில் ஒன்றாக அடித்துவிட்டு, மணிகளை உயர்த்தியபடி அசையாமல் நிற்க வேண்டும். ஒலி தானாகத் தேய்ந்து போகும்வரை. குழுவை நடத்தும் என் மனைவி மணியைத் தோளில் ஒற்றும்போது மற்றவர்களும் ஒற்றுவார்கள். அதுவரை நிற்க வேண்டும். நாலு எண்ணிக்கையில் அது முடியாது.

மனைவி பல வழி பார்த்தாள். தங்கை மட்டும் மெதுவாக அடித்துக்கொண்டே இருப்பதுபோல் ஒரு வால் எழுதினாள். அழித்தாள். சட்டென்று எல்லோரும் ஒற்றி நிறுத்துவதுபோல் எழுதினாள். "கதவைச் சாத்தின மாதிரி இருக்கு" என்று அதையும் அழித்தாள். கடைசி ஒத்திகையில் தங்கையிடம் மூன்றாவதாக ஒன்றைக் காட்டினாள். தங்கை மட்டும் முன்னமே மணியை மெத்தையில் வைத்துவிடலாம்.

தங்கை பார்த்தாள். "வேணாம் அண்ணி. பழைய மாதிரியே இருக்கட்டும்."

"அங்க சத்தமே இருக்காது. கேக்கும்."

"கேக்கட்டுமே. எல்லாரும் நிக்கறப்போ நானும் நிக்கிறேன்."

மனைவி பச்சையை எடுத்து, மற்ற மூன்று நிறங்களுக்கும் கீழே அதே நீளத்துக்கு ஒரு கோடு இழுத்தாள்.

நூலகத்தின் வாசிப்புக் கூடத்தில் மேசைகளை ஓரத்துக்குத் தள்ளியிருந்தார்கள். நாற்காலிகள் பெரும்பாலும் நிரம்பியிருந்தன. தங்கையின் வகுப்பிலிருந்து சில பிள்ளைகள் வந்திருந்தார்கள், பழக்கத்தில் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தார்கள். நான் முன் வரிசையில் இருந்தேன்.

அவர்கள் தொடங்கினார்கள். தங்கை எடுத்தாள், வீசினாள், ஒற்றினாள், வைத்தாள். மெட்டு அவளிடமிருந்து புறப்பட்டு மூன்று பேரையும் தொட்டுவிட்டு அவளிடமே திரும்பி வந்தது. ஒரே ஓரிடத்தில் கை தடுமாறியது. டாக்டர் அதைக் கவனித்துத் தன் சுரத்தைச் சற்றே தள்ளிப் போட்டார். தடுமாற்றம் எழுதப்பட்டதுபோல் ஆகிவிட்டது.

கடைசிச் சுரங்களை ஒன்றாக அடித்தார்கள். மணிகளை உயர்த்தி நின்றார்கள்.

ஒலி கூரைவரை போய்ப் பரவியது. மெலிந்தது. எனக்கு எண்ண வராது. அன்றைக்கு எண்ணினேன். ஐந்துக்குப் பிறகு தங்கையின் மணி பேசத் தொடங்கியது. டிக், டிக், டிக். மற்ற ஒலி குறையக் குறைய அது தெளிவாகக் கேட்டது. அவள் கையைப் பார்க்கவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மனைவி அப்போது தோளில் ஒற்றியிருக்கலாம். எல்லாம் முடிந்திருக்கும். அவள் ஒற்றவில்லை. மாஸ்டர் அவளைப் பார்த்தார். டாக்டரும் பார்த்தார். அவள் பார்வை தங்கைமேல் இருந்தது. அவர்களும் தங்கையைப் பார்த்தார்கள். நான்கு மணிகளும் உயரத்திலேயே இருந்தன. மூன்றில் ஒலி இல்லை. கூடத்தில் யாரும் அசையவில்லை.

பக்கத்து நாற்காலிப் பெண் என் பக்கம் சாய்ந்தாள். "முடிஞ்சிடுச்சா?" என்று கிசுகிசுத்தாள்.

"இல்ல" என்றேன்.

தங்கை இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தன் மணியைத் தோளுக்குக் கொண்டுபோய் ஒற்றினாள். அவளைப் பார்த்து மற்ற மூவரும் ஒற்றினார்கள்.